பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது: பழைய 407-க்கு முழு ஒயரிங்கையும் மாற்ற வேண்டுமா?

முழு ஒயரிங்கை இப்போது மாற்ற வேண்டாம். கீழே சொல்லும் இடங்களைப் பார்த்து முடிக்கும் வரையாவது யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்டது இதுதான். 1999 மாடல் டாடா 407 லாரி. ஓசூர் பக்கத்திலிருந்து பெங்களூர் கே.ஆர். மார்க்கெட்டுக்கு இரவில் காய்கறி ஏற்றி ஓடுகிறது. பார்க் லைட் போட்டுக்கொண்டு பிரேக் மிதித்தால் இடது பக்கப் பின்விளக்கு பளிச்சென்று எரிவதில்லை, அந்தப் பக்கத்து இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது. வலது இண்டிகேட்டர் போட்டால் படபடவென்று வேகமாக அடிக்கிறது. பல்ப் எல்லாம் மாற்றியாகிவிட்டது, ஃபிளாஷரும் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் டப்பா) புதிது. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வருகிறதே என்று பாடிக்குப் பெயிண்ட் அடித்த பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. பார்த்த எலக்ட்ரீஷியன், "ஒயரிங் செத்துப்போச்சு, மொத்தமா மாத்தணும்" என்கிறார்.

இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. இடது பக்கம் எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) போயிருக்கிறது. வலது பக்கம் ஏதோ ஒரு பல்ப் தன் பங்குக் கரண்டை இழுக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் வண்டி முழுக்க ஒயரிங் கெட்டுவிட்ட மாதிரி தெரிகிறது.

இடது பக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தப் பின்விளக்குப் பெட்டிக்குள் ஒரு டபுள் ஃபிலமென்ட் பல்ப் இருக்கும். அதில் 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை பார்க் லைட்டுக்கு. பக்கத்து அறையில் இண்டிகேட்டருக்கு ஒரு 21 வாட் பல்ப். மூன்று இழைக்கும் கரண்ட் வரும் ஒயர் தனித்தனி. திரும்பிப் போகிற வழி மட்டும் ஒன்றுதான்: விளக்கின் தகடு, அதைப் பிடித்திருக்கும் போல்ட், அங்கிருந்து சேசிஸ் (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்), சேசிஸிலிருந்து பேட்டரி நெகட்டிவ். அந்தப் போல்ட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பெயிண்ட் புகுந்தாலோ துரு ஏறினாலோ திரும்பும் வழி அடைபடுகிறது. மடை அடைத்தால் தண்ணீர் பக்கத்து வரப்பை உடைத்துக்கொண்டு போகிற மாதிரி, கரண்டும் வேறு வழி தேடிக்கொள்ளும். பிரேக் இழை வழியாக வந்த கரண்ட் இண்டிகேட்டர் பல்புக்குள் பின்பக்கமாகப் புகுந்து, இண்டிகேட்டர் ஒயரைப் பிடித்து, முன்னால் இருக்கும் இடது இண்டிகேட்டர் பல்ப் வழியாக எர்த்துக்குப் போய்ச் சேர்கிறது. மூன்று பல்ப் வரிசையாக நின்று 12 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 4 வோல்ட். பிரேக் லைட் அழுது வடிவதும், இண்டிகேட்டர் மங்கலாக எரிவதும் அதனால்தான்.

இதை உறுதிப்படுத்த எந்தக் கருவியும் வேண்டாம். இருட்டிய பிறகு, பார்க் லைட்டை அணைத்துவிட்டு, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் போர்டு விளக்கோ முன் பக்கத்துப் பார்க் விளக்கோ லேசாக எரிகிறதா? எரிந்தால் கரண்ட் 5 வாட் இழை வழியாகப் பார்க் லைட் ஒயரில் ஏறிப் போகிறது என்று அர்த்தம். அடுத்து, பிரேக்கை விட்டுவிட்டு இடது இண்டிகேட்டரைப் போடுங்கள். வலது பக்கப் பிரேக் லைட் கூடவே லேசாகத் துடிக்கிறதா? அதுவும் அதே கதைதான், திசை மட்டும் வேறு. இப்படிச் சம்பந்தமில்லாத விளக்குகள் சேர்ந்து எரிந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

நூற்றுக்கு நூறு என்று சொல்லாததற்கு ஒரு காரணம் உண்டு. இதே குணத்தைக் காட்டும் இன்னொரு தவறு இருக்கிறது, பல்ப் மாற்றிய கையோடு வரும். பின்விளக்கு ஹோல்டரின் அடியில் இரண்டு தொடுமுனை இருக்கும். அதற்கு அடியில் இரண்டு புள்ளி உள்ள பல்ப்தான் போட வேண்டும். ஒற்றைப் புள்ளி பல்பை அமுக்கித் திருகிவிட்டால் அந்த ஒரே ஈயப்புள்ளி இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டுவிடும். பிரேக் மிதித்தால் பார்க் லைட் எல்லாம் எரியும், பார்க் லைட் போட்டால் பிரேக் லைட் எரிந்தே கிடக்கும். டபுள் ஃபிலமென்ட் பல்பில் பக்கவாட்டுக் கொண்டிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே ஒன்று கீழே. தேய்ந்த ஹோல்டரில் அதைத் தலைகீழாகவும் நுழைத்துவிடலாம். அப்போது 5 வாட் இழை பிரேக்குக்கும் 21 வாட் இழை பார்க்குக்கும் போய்விடும். பார்க் லைட் கண்ணைப் பறிக்கும், பிரேக் மிதித்தால் பின்னால் வருபவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆகவே முதலில் இடது, வலது இரண்டு பக்கமும் லென்ஸைக் கழற்றி, சரியான பல்ப் சரியான திசையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பல்ப் சரி என்றால் அடுத்த சோதனை. ஒரு நல்ல தடித்த ஒயர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் பிடித்துவிட்டு, மறுமுனையை இடது பின்விளக்கின் ஹோல்டர் தகட்டில் சுரண்டி அழுத்துங்கள். பிரேக் மிதிக்க ஆள் இல்லையென்றால் பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவே ஒரு கட்டையைக் கொடுத்துவிடலாம். தகட்டில் ஒயர் பட்டதும் பிரேக் லைட் பளிச்சென்று எரிந்து இண்டிகேட்டர் அணைந்துவிட்டால் முடிந்தது விஷயம். ஒயரிங் நன்றாகத்தான் இருக்கிறது, எர்த் மட்டும்தான் இல்லை.

மல்டிமீட்டர் இருந்தால் எண்ணிலும் பார்க்கலாம். பிரேக் மிதித்தபடி, கறுப்புக் கம்பியைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்புக் கம்பியை ஹோல்டர் தகட்டிலும் வையுங்கள். மீட்டர் காட்டும் இந்த அளவுக்குத்தான் எர்த் டிராப் என்று பெயர். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 0.5 காட்டினால் சந்தேகம். 4, 5-க்கு மேல் ஏறினால் எர்த் அறுந்தே போய்விட்டது.

மல்டிமீட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் அதில்தான் ஏமாறுகிறார்கள். மீட்டர் மிக மிகக் குறைந்த கரண்டைத்தான் இழுக்கும். பச்சை பூத்துப்போன ஒயரில் ஒரே ஒரு செம்பு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும். பல்பைப் போட்டால் அந்த ஒற்றை இழையால் 1.75 ஆம்பியரைத் தாங்க முடியாது, வோல்ட்டேஜ் விழுந்துவிடும். "கரண்ட் வருது, ஆனா எரியல" என்று தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். அதனால் எப்போதும் பல்பைப் போட்டு, அது எரிய வேண்டிய நிலையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். அல்லது மீட்டரே வேண்டாம்: ஒரு பழைய ஹோல்டரில் 21 வாட் பல்ப் மாட்டி, இரண்டு ஒயர் இழுத்து, முனையில் முதலைக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். அது முழு வெளிச்சத்தில் எரிந்தால் அந்த இடம் வரை நல்ல கரண்ட் இருக்கிறது. மங்கினால் இல்லை. லாரி விளக்குக் கோளாறில் பெரும்பாலானதை இந்த ஒரு பல்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இனி எர்த்தைச் சரிசெய்வது. உங்கள் வண்டியின் பின்விளக்கு எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். சேசிஸ் முனையில் உள்ள இரும்புப் பட்டையில் இருந்தால், போல்ட்டைக் கழற்றி, பட்டையின் இரு பக்கமும், விளக்கின் தகடு உட்காரும் இடமும் வெள்ளை இரும்பு தெரியும் வரை எமரி பேப்பரால் தேயுங்கள். பல் வாஷர் (ஓரத்தில் பல் வெட்டிய வாஷர்) போட்டு இறுக்குங்கள். இறுக்கிய பிறகுதான் மேலே கிரீஸோ பெயிண்டோ. முதலில் பெயிண்ட், பிறகு போல்ட் என்றால் பழைய நிலைக்கே வந்து நிற்போம். பாடி கட்டும்போது விளக்கை மரப் பலகைக்கு நகர்த்தியிருந்தாலோ, ஃபைபர் விளக்குப் பெட்டியாக இருந்தாலோ, போல்ட் வழியாக எர்த் கிடைக்கவே கிடைக்காது. அதற்கென்று ஒரு எர்த் ஒயர் கட்டாயம் இருந்தாக வேண்டும். அந்த ஒயர் எங்கே போய் முடிகிறது என்று கையால் தடவிக்கொண்டே போங்கள். பெயிண்ட் அடித்த ஏதோ ஒரு போல்ட்டில்தான் முடியும்.

நான் எப்போதும் செய்வது இன்னொரு வேலை. இடது, வலது இரண்டு பின்விளக்கின் தகட்டையும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரால் ஒன்றோடொன்று இணைத்து, அதிலிருந்து ஒரு கிளையைச் சுத்தம் செய்த சேசிஸ் போல்ட்டுக்குக் கொடுத்துவிடுவேன். ஒரு பக்கத்துப் போல்ட் துருப்பிடித்தாலும் மறுபக்கம் காப்பாற்றும். ஒயருக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். காய்கறி வண்டிக்கு இது ரொம்பவே அவசியம். நனைந்த மூட்டையிலிருந்து வடியும் தண்ணீர் பாடிப் பலகை வழியாக இறங்கி நேராகப் பின்விளக்கு மீதுதான் விழுகிறது. மீன் ஏற்றும் வண்டி என்றால் உப்புத் தண்ணீர், இன்னும் மோசம்.

சேசிஸிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வரும் தடித்த பட்டையையும், எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் பட்டையையும் மறக்காமல் ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். செல்ஃப் அடிக்கும்போது விளக்குகள் விசித்திரமாக நடந்துகொண்டால் பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்கும்.

வலது இண்டிகேட்டருக்கு வருவோம். வேகமாக அடிப்பதை ஃபிளாஷர் கோளாறு என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிட்டீர்கள். ஆனால் எலக்ட்ரானிக் ஃபிளாஷர் அப்படி வேகமாக அடிப்பது, "இந்தப் பக்கம் ஒரு பல்ப் எரியவில்லை" என்று டிரைவருக்குச் சொல்வதற்காகத்தான். அது கரண்டை அளந்துகொண்டே இருக்கும். 12 வோல்ட்டில் இரண்டு 21 வாட் பல்ப் என்றால் 3.5 ஆம்பியர். ஒன்று போய்விட்டால் பாதி. உடனே வேகத்தைக் கூட்டிவிடும். பழைய டப்பா மாதிரியான வெப்ப ஃபிளாஷர் நேர் எதிர்: உள்ளே தகடு சூடாகித்தான் அடிக்கும், கரண்ட் குறைந்தால் சூடாகாது, அதனால் மெதுவாகும் அல்லது அடிக்காமல் எரிந்தே நிற்கும். நம் மோட்டார் வாகன விதிகளில் இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மேற்படாமலும் அடிக்க வேண்டும். கையில் கடிகாரத்தை வைத்து எண்ணிப் பாருங்கள்; எஃப்.சி.யில் கேட்கப்போவதும் அதுதான்.

பல்ப் எல்லாம் புதிது என்றீர்கள். சரி, எந்த வோல்ட்? 407 என்பது 12 வோல்ட் வண்டி. பெரிய லாரிகள் 24 வோல்ட். பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும், கண்ணாடியும் பித்தளை அடியும் பார்க்க ஒரே மாதிரிதான். "லாரி இண்டிகேட்டர் பல்ப் கொடுங்க" என்று கேட்டால் 24 வோல்ட் பல்ப்தான் கைக்கு வரும். அதை 407-இல் போட்டால் மங்கலாக எரியும், கரண்டையும் பாதிக்கும் கீழே இழுக்கும். எலக்ட்ரானிக் ஃபிளாஷர் பல்ப் போய்விட்டது என்றே நினைத்துக்கொள்ளும். பித்தளை அடியில் பொடி எழுத்தில் 12வி 21டபிள்யூ என்று இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். 10 வாட் பல்ப் போட்டாலும் இதே கதைதான். உங்கள் விஷயத்தில் இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்பது என் கணிப்பு.

எல்.இ.டி. போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். எல்.இ.டி. இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, வேகமாகத்தான் அடிக்கும். சிலர் பல்புக்குப் பக்கவாட்டில் 6 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஏமாற்றச் சொல்வார்கள். அது 2 ஆம்பியர் இழுத்து 24 வாட் சூட்டைக் கக்கும். மரப்பலகையிலோ பிளாஸ்டிக்கிலோ உரசினால் கருகும். எனக்கு அது பிடிக்காது. எல்.இ.டி.தான் வேண்டும் என்றால் அதற்கென்று வரும் எல்.இ.டி. ஃபிளாஷரைப் போட்டுவிடுங்கள், செலவும் பெரிதில்லை. பிரேக்குக்கு எல்.இ.டி. நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இழை பல்ப் முழு வெளிச்சம் பெற ஏறத்தாழ 0.2 நொடி எடுக்கும், எல்.இ.டி. உடனே எரியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது 3 மீட்டருக்கு மேல் கூடுதல் இடம். பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அந்த 3 மீட்டர் சின்ன விஷயம் இல்லை.

பல்ப் சரியான வோல்ட் என்றால் ஹோல்டர்தான் அடுத்தது. அடியில் உள்ள ஸ்பிரிங் தளர்ந்துபோய் பல்பை மேலே தள்ளாமல் இருக்கும். பேக்கலைட் வட்டு வெந்து விரிசல் விட்டிருக்கும். விரலால் அமுக்கிவிட்டுப் பாருங்கள், உடனே மேலே வர வேண்டும். பச்சைப் பூத்ததைச் சுரண்டி எடுத்து, மிக லேசாக வாசலின் தடவுங்கள். ஸ்பிரிங் செத்திருந்தால் ஹோல்டரையே மாற்றுங்கள், சுரண்டிச் சுரண்டி ஓட்டுவதில் பிரயோசனம் இல்லை. அதிலும் சரியாகவில்லை என்றால், முன் இண்டிகேட்டரின் எர்த்தையும் இடது பக்கம் செய்த அதே முறையில் பாருங்கள். முன் பம்பரிலும் புதுப் பெயிண்ட் ஏறியிருக்குமே.

இரண்டு பக்கமும் அடிக்கவே இல்லை என்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃபிளாஷரைப் பிடுங்கிவிட்டு, அதன் சாக்கெட்டில் பி, எல் என்று குறித்த இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணையுங்கள். இண்டிகேட்டர் போட்டால் விளக்கு அடிக்காமல் எரிந்து நிற்க வேண்டும். நின்றால் ஃபிளாஷர்தான் கோளாறு. மூன்று முனை எலக்ட்ரானிக் ஃபிளாஷரில் ஈ என்பது எர்த். அந்த ஒயர் கழன்றிருந்தாலும் புது ஃபிளாஷர் அடிக்காது, நல்லதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக அடிக்கும் ஹசார்ட் ஸ்விட்ச் உள்ள வண்டிகளில், பலவற்றில் இண்டிகேட்டருக்கான கரண்ட் அந்த ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. வருடக்கணக்காக யாரும் தொடாததால் உள்ளே தொடுமுனை அழுக்கேறிக் கிடக்கும். அதைப் பலமுறை அமுக்கி அமுக்கி எடுத்தாலே சிலசமயம் உயிர் வந்துவிடும். ஸ்டீயரிங் கம்பத்தில் உள்ள, லைட்டும் இண்டிகேட்டரும் போடும் காம்பினேஷன் ஸ்விட்ச்சைச் சந்தேகப்படுவது கடைசியில்தான். அதன் கைப்பிடியைப் பிடித்து லேசாக ஆட்டும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் அதைக் கழற்றுங்கள்.

பிரேக் லைட் இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் எர்த்தைத் தேடிக்கொண்டு பின்னால் போகாதீர்கள். இரண்டு எர்த்தும் ஒரே நாளில் போவது அபூர்வம். முதலில் ஃப்யூஸ், அடுத்து பிரேக் ஸ்விட்ச். ஸ்விட்ச் இரண்டு விதம். ஒன்று பெடலுக்கு மேலே பட்டன் மாதிரி இருப்பது. இன்னொன்று பிரேக் ஆயில் போகும் வழியில், மாஸ்டர் சிலிண்டர் பக்கத்தில் திருகியிருக்கும் அழுத்த ஸ்விட்ச். எதுவானாலும் அதன் இரண்டு ஒயரையும் கழற்றிச் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். பிரேக் லைட் எரிந்தால் ஸ்விட்ச் போய்விட்டது. பட்டன் வகையில் நட்டைத் தளர்த்தி நகர்த்தினாலே சிலசமயம் போதும். பெடலை ஒரு விரல் அளவு தொட்டதுமே எரியும்படி வையுங்கள், விட்டதும் அணையவும் வேண்டும். அணையாமல் விட்டால் காலையில் பேட்டரி காலியாகிக் கிடக்கும்.

அழுத்த ஸ்விட்ச் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். அதன் மின் முனையைச் சுற்றி ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் அது பிரேக் ஆயில் கசிவு. அதை விளக்குக் கோளாறாக நினைக்கக் கூடாது, பிரேக்கே போகும் ஆபத்து அது. வண்டியை நிறுத்திவிட்டு ஸ்விட்ச்சை மாற்றுங்கள். மாற்றும்போது லைனுக்குள் காற்று போகும், ஆகவே பிரேக்கை ஏர் எடுத்த (உள்ளே போன காற்றை வெளியேற்றிய) பிறகுதான் ரோட்டில் இறக்க வேண்டும். இதைத் தெரியாமல் கையால் செய்யாதீர்கள், பிரேக் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஏர் பிரேக் உள்ள பெரிய லாரி வைத்திருப்பவர்கள் சோதிக்கும் முன் எஞ்சினை ஓட்டி டேங்கில் காற்று ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கே ஸ்விட்ச் காற்றழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. காற்று இல்லாமல் எவ்வளவு மிதித்தாலும் பிரேக் லைட் எரியாது.

ஒரு பக்கம் மட்டும் பிரேக் லைட் எரியாவிட்டால் ஃப்யூஸையும் ஸ்விட்ச்சையும் தொடவே வேண்டாம். அவை இரண்டு பக்கத்துக்கும் பொது. மறுபக்கம் எரிகிறது என்றாலே அவை நல்ல நிலையில் இருக்கின்றன. நேரே பின்னால் போய் பல்ப், ஹோல்டர், எர்த், பிறகு அந்தப் பக்கத்துக்குப் பிரியும் ஒயர் என்று பாருங்கள். பின்னாலிருந்து முன்னால் வருவதுதான் லாரிக்கு எப்போதும் லாபம். சேறு, தண்ணீர், அதிர்வு எல்லாம் பின்னால்தான்.

வீடியோக்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் கிடைப்பதில் பெரும்பாலானவை அமெரிக்கப் பிக்கப் வண்டிகளைப் பற்றியவை. அவற்றில் பலவற்றில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பின்னால் ஒரே சிவப்பு விளக்குதான். பிரேக் கரண்ட் இண்டிகேட்டர் ஸ்விட்ச் வழியாகவே பின்னால் போகிறது. அதனால் பிரேக் லைட் எரியவில்லை என்றால் ஸ்டீயரிங் ஸ்விட்ச்சைக் கழற்றச் சொல்வார்கள். அந்த வண்டிக்கு அது சரி. நம் லாரிகளில் இண்டிகேட்டர் மஞ்சள், பிரேக் சிவப்பு, இரண்டுக்கும் வேறு வேறு பல்ப், வேறு வேறு ஒயர். அந்த வீடியோவை நம்பி நல்ல ஸ்டீயரிங் ஸ்விட்ச்சைப் பிரித்து, ஸ்பிரிங்கைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

எர்த்தும் பல்பும் ஹோல்டரும் நன்றாக இருந்தும் விளக்கு மங்கினால்தான் ஒயரைப் பார்க்க வேண்டும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க, எரியும் பல்பின் முனையில் 11.5-க்குக் கீழே வந்தால் நடுவில் எங்கோ இழப்பு. இழை பல்புக்கு வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் நிறையவே குறையும். 12 வோல்ட் பல்புக்கு 10.5 கிடைத்தால் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டிரைவர் கண்ணாடியில் பார்த்து எரிகிறது என்றே நினைப்பார். மழை நாளில் பின்னால் வரும் பைக்காரருக்குத் தெரியாது.

இழப்பு இருக்கும் இடம் பெரும்பாலும் ஜாயின்ட்தான். முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்ட பழைய ஜாயின்ட்டுகளில் பசை காய்ந்து தண்ணீர் உள்ளே போயிருக்கும். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பொடி கொட்டும். அந்த இடத்தை இரண்டு பக்கமும் பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயர்த் துண்டு போட்டு, ஈயத்தால் பற்றவைத்து, மேலே வெப்பத்தில் சுருங்கும் குழாய் போடுங்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அது மீட்டர் கணக்கில் கிடைக்கும். மாற்றும் ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டராவது இருக்கட்டும். வீட்டு ஸ்பீக்கருக்குப் போடும் 0.5 ஒயரில் இரண்டு பிரேக் பல்பின் 3.5 ஆம்பியரை 7 மீட்டர் இழுத்தால் ஒயரிலேயே ஏறக்குறைய 0.8 வோல்ட் போய்விடும். எலி கடித்த இடங்களையும் பாருங்கள். மார்க்கெட்டில் இரவு முழுக்க நிற்கும் காய்கறி வண்டியில் எலி ஏறாமல் இருக்காது.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஃப்யூஸ் போடுவதும், ஒயர் இழையைச் சுற்றி விடுவதும் வேண்டவே வேண்டாம். ஃப்யூஸ் போகிறது என்றால் எங்கோ ஒயர் உரசி சேசிஸைத் தொடுகிறது. பெரிய ஃப்யூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயர், அதற்கடுத்து வண்டி. பல்ப் அடிக்கடி போகிறது என்றால் எஞ்சின் ஓடும்போது பேட்டரி வோல்ட்டேஜைப் பாருங்கள்: 13.8 முதல் 14.4 வரை நல்லது, 15-ஐத் தொட்டால் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கோளாறு. அதுவும் சரியாக இருந்தால், விளக்குப் பட்டை ஆடி அதிர்ந்து இழையை அறுக்கிறது.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் எஃப்.சி. மட்டும் இல்லை. 8 வயது தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. உண்டு, அன்றைக்கு ஒருநாள் எரிய வைத்து வாங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் ஓட்டுவது இரவில், லோடோடு, ஓசூர் ரோட்டில். லோடு வண்டிக்குப் பின்னால் நெருங்கி வரும் ஒருவருக்கு நீங்கள் பிரேக் மிதித்தது தெரிய அந்த இரண்டு 21 வாட் பல்பை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே சரிசெய்து முடித்ததும் லோடு ஏற்றிய பிறகும் ஒருமுறை சோதியுங்கள். பாடி அமுங்கும்போது இழுபட்டு விட்டுப்போகும் ஒயர்களும் உண்டு. சோதிக்கும்போது பார்க் லைட், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். தனித்தனியாகப் போட்டால் நன்றாக எரிந்து, சேர்த்துப் போட்டால் தடுமாறுகிற எர்த் கோளாறு அப்போதுதான் வெளியே வரும்.

இவ்வளவும் அரை நாள் வேலை. ஆகும் செலவு எமரி பேப்பர், ஒயர், இரண்டொரு பல்ப், தேவைப்பட்டால் ஒரு ஹோல்டர். நேரம் இல்லாமல் எலக்ட்ரீஷியனிடமே விடுவதானால், "ஒயரிங் பாருங்க" என்று பொதுவாகச் சொல்லாமல், "இடது பின்விளக்கில் எர்த் டிராப் எவ்வளவு இருக்குன்னு பிரேக் மிதிச்சு அளந்து காட்டுங்க, வலது பக்கம் ஒவ்வொரு பல்பும் எந்த வோல்ட்டுன்னு கழற்றிக் காட்டுங்க" என்று கேளுங்கள். அளந்து காட்டிய பிறகும் ஒயர் பல இடங்களில் உடைந்திருக்கிறது என்று தெரிந்தால், கேபினிலிருந்து பின்விளக்கு வரை போகும் அந்த ஒயர்க் கட்டு ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒயரில் கை வைக்க இந்தக் கோளாறில் எந்தக் காரணமும் இல்லை.